விடியற்காலத்து மூச்சு

(ஹட்டனில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்துவடிவம்)



நெஞ்சு நோயைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்தவர்கள், புகையிலையின் தீமையையும் சளிப் பரிசோதனையின் அவசியத்தையுமே நான் எடுத்துச் சொல்வேனென்று எதிர்பார்த்திருக்கக் கூடும். அவை அவசியமான விஷயங்கள் என்பதில் ஐயமில்லையாயினும், அவற்றைச் சொல்லப் பலர் இருப்பதாலும், யாரும் எடுத்துப் பேசாத ஓர் அவஸ்தை இம்மலைகளிற் சில வீடுகளில் நாள்தோறும் நிகழ்ந்துகொண்டிருப்பதாலும், அந்த ஒன்றை மட்டுமே இன்று பேச உத்தேசித்திருக்கிறேன். இரவு முழுவதும் முகமூடி அணிந்து இயந்திரத்தின் துணையோடு நித்திரை செய்த ஒரு ரோகி, விடியற்காலையில் அம்முகமூடியைக் கழற்றிய சில நிமிஷங்களுக்குள், முந்தைய மாலையில் இல்லாத அளவுக்கு மூச்சு வாங்கி, கட்டில் விளிம்பை இரு கைகளாலும் பற்றிக்கொண்டு, வாய்திறந்து பேச இயலாமல் உட்கார்ந்திருக்கிறாரே, அதுவே நான் சொல்லும் அவஸ்தை. நோயைத் தணிப்பதற்கென்று கொடுத்த உபகரணமே நோயை வளர்க்கிறதோ என்ற சந்தேகம் அவருக்கும் வீட்டாருக்கும் எழுவது இயல்பு. அச்சந்தேகத்தினால் இயந்திரத்தைத் துணியில் சுற்றி அலமாரிக்கு மேலே ஏற்றிவிட்ட குடும்பங்களை நான் அறிவேன்.

மூச்சு விடுதலென்பது ஒட்சிசனை உள்ளே எடுப்பது மட்டுமே என்று நம்மிற் பலர் எண்ணியிருக்கிறோம். உடலில் உண்டாகும் காபனீரொட்சைட்டை வெளியேற்றுவதும் அதற்குச் சற்றும் குறையாத தொழிலாகும். இந்த இரண்டாவது தொழில் நெடுங்காலமாகப் பழுதுபட்டு, இரத்தத்தில் அவ்வாயுவின் அழுத்தம் சாதாரண அளவாகிய 35 முதல் 45 பாதரச மில்லிமீற்றரைக் கடந்து, 50 என்றும் 60 என்றும் ஏறி, அங்கேயே நிலைத்துவிடும்போது, அதனை நாட்பட்ட சுவாசச் செயலிழப்பு என்கிறோம். விழித்திருக்கும் வேளையில் எப்படியோ சமாளித்துக்கொள்ளும் உடல், நித்திரையில் மூச்சின் ஆழம் குறைவதனால் இரவிலே தோற்றுப்போகிறது. காலையில் மண்டை கனக்கும். பகலில் உட்கார்ந்த இடத்தில் கண் செருகும். நாளடைவில் கால்கள் வீங்கும். இத்தகையவர்களுக்கு ஒட்சிசனை மட்டும் தாராளமாகக் கொடுத்தால், நீலம் பாரித்த உதடு சிவக்குமேயன்றி, காபனீரொட்சைட்டு மேலும் ஏறி மயக்கம் வரவும் இடமுண்டு. அவர்களுக்கு வேண்டியது காற்றைத் தள்ளிக் கொடுத்து, தேங்கியதை வெளியேற்றும் ஒரு துணை. தொண்டைக்குட் குழாய் செலுத்தாமல், மூக்கையோ, மூக்கையும் வாயையும் சேர்த்தோ மூடும் முகமூடி வழியாக, மூச்சை இழுக்கும்போது அதிக அழுத்தமும் விடும்போது குறைந்த அழுத்தமும் கொடுக்கின்ற சிறிய பெட்டியொன்று அத்துணையைச் செய்கிறது. தோட்டத்து வீடுகளில் அதற்கு மெசின் என்றே பெயர் வழங்குகிறது. நானும் அப்படியே சொல்கிறேன்.

இந்நோய் இம்மலைகளுக்குப் புதியதன்று. கொழும்பிற் பல ஆண்டுகள் பணிபுரிந்த இத்தாலிய வைத்தியர் கஸ்ரெலானி, சால்மர்ஸ் என்பவரோடு சேர்ந்து எழுதிய வெப்பமண்டல வைத்தியக் கையேட்டின் 1919ஆம் ஆண்டுப் பதிப்பிலேயே தேயிலைத் தொழிற்சாலை இருமல் குறிக்கப்பட்டிருக்கிறது. அதற்கு அரை நூற்றாண்டு கழித்து, இந்நாட்டு மார்பு நோய் நிபுணர் சி. ஜி. ஊரகொட, 1970இல் தேயிலை தயாரிப்பவருக்கு வரும் ஆஸ்துமாவைப் பற்றியும், 1980இல் தேயிலைத் தொழிலாளரின் சுவாச வியாதிகளைப் பற்றியும் பிரித்தானிய வைத்திய சஞ்சிகைகளில் எழுதி, தேயிலையைச் சலிக்கும்போதும் கலக்கும்போதும் பறக்கின்ற மென்தூசியைச் சுவாசிப்போரிடம் நாட்பட்ட இருமலும் இழுப்பும் மிகுந்திருப்பதை உலகறியச் செய்தார். நம் தேயிலையின் நிறத்தையும் மணத்தையும் குறித்து எழுதப்பட்ட பக்கங்களோடு ஒப்பிட்டால், அத்தேயிலையைச் சலித்தவர்களின் நெஞ்சைக் குறித்து எழுதப்பட்டவை மிகச் சொற்பமே என்பதை இங்கே குறிப்பிடாமலிருக்க என்னால் முடியவில்லை.

ஆயினும் என் அபிப்பிராயத்தில், ஸ்டோர் என்னும் தொழிற்சாலையிலே பறக்கும் தூசியைவிட அதிகமான நெஞ்சுகளைக் கெடுத்தது தொழிலாளர் குடியிருக்கும் லயன் காம்பராவின் விறகடுப்பு. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா ஒன்றில், புகைபோக்கி இல்லாமலோ, இருந்தும் அடைபட்டோ, கவ்வாத்து மலையிலிருந்து கட்டித் தூக்கிவந்த ஈர மிலாற்று விறகை ஊதி ஊதி எரிய வைத்து, அந்தப் புகையிலேயே நாற்பது, ஐம்பது வருஷங்கள் சமைத்த ஒரு பெண்மணி, தம் ஆயுளில் ஒரு சிகரெட்டைத் தொட்டறியாதவராயினும், அவருடைய சுவாசக் குழாய்கள் நெடுநாட் புகைத்தவரின் குழாய்களாகவே ஆகிவிடுகின்றன. அதனோடு, ஆறிப்போன காசநோய் நுரையீரலில் விட்டுச்சென்ற வடுக்களும், கூன் விழுந்த முதுகெலும்பும் சேர்ந்தால் சொல்ல வேண்டியதில்லை. பூகோளமும் தன் பங்கைச் செய்கிறது. கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்திலிருக்கும் நுவரெலியாவிற் காற்றழுத்தம் கொழும்பின் அழுத்தத்தில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கே. ஆதலால் கொழும்பு வார்டில் போதுமென்று கண்ட ஒட்சிசன், நானுஓயா ஏறி வந்தபின் போதாமற் போகக்கூடும். பழைய மெசின்கள் சிலவற்றில் உயரத்திற்கேற்ற திருத்தத்தையும் கையாற் செய்தாக வேண்டியிருக்கிறது.

மெசினின் பூர்வ சரித்திரத்தை விரிக்க இது சமயமன்று. 1928இல் பொஸ்டன் நகரத்துக் குழந்தைகள் வைத்தியசாலையில், இளம்பிள்ளை வாதத்தால் மூச்சுத் தசைகள் ஓய்ந்த ஒரு சிறுமியைக் கழுத்துவரை உள்ளே வைத்து மூடிய இரும்புப் பெட்டியும், 1952இல் கோப்பன்ஹேகனில் அந்நோய் பரவியபோது, வைத்திய மாணவர்கள் முறைவைத்து இரவும் பகலும் கையினால் ரப்பர்ப் பையை அழுத்தி நோயாளிகளுக்கு மூச்சுக் கொடுத்ததும், 1981இல் சிட்னியில் கொலின் சலிவன் மூக்கு முகமூடி வழியே காற்றழுத்தம் கொடுத்து, நித்திரையில் மூச்சடைப்பவர்களைக் காத்ததும், இன்று நம் கட்டிலருகே இருக்கும் சிறு பெட்டிக்கு முன்னோடிகள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். நமது விஷயத்திற்கு அவசியமானது அதற்குப் பின் நடந்தது.

புகையினாற் குழாய் சுருங்கிய நோயாளிகளுக்கு இந்த மெசின் உண்மையில் ஆயுளை நீட்டிக்குமா என்ற கேள்வி வெகுகாலம் தீராமல் இருந்தது. ஆரம்பத்தில் நடந்த பரீட்சைகளில் மெல்லிய அழுத்தமே கொடுக்கப்பட்டது. பெரும் பயன் எதுவும் பிரத்தியட்சமாகவில்லை. பின்னர் ஜேர்மானிய வைத்தியர்கள், காபனீரொட்சைட்டு உண்மையாகவே இறங்கும்வரை அழுத்தத்தை உயர்த்துவதென்று துணிந்தார்கள். ஜேர்மனியிலும் ஒஸ்திரியாவிலும் 195 நோயாளிகளை வைத்து நடத்தி 2014இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஒரு வருஷத்துக்குள் இறந்தவர்கள் மெசின் இல்லாதோரில் நூற்றுக்கு 33 பேராகவும், மெசின் பாவித்தோரில் நூற்றுக்கு 12 பேராகவும் இருந்தனர். 2017இல் பிரித்தானியாவில் 116 பேரைக் கொண்டு செய்த மற்றோர் ஆராய்ச்சியில், வீட்டில் ஒட்சிசன் மட்டும் பெற்றவர்களுக்கு இடைநிலைக் கணக்கில் 1.4 மாதத்தில் மீண்டும் வைத்தியசாலைக்கு வரவோ உயிரிழக்கவோ நேர்ந்திருக்க, ஒட்சிசனோடு மெசினும் பெற்றவர்களுக்கு அக்காலம் 4.3 மாதமாக நீண்டது. ஆகவே பயன் உண்டென்பதும், அது வலுவான அழுத்தத்தினாலேயே கிடைக்கிறதென்பதும் நிலைநாட்டப்பட்டன. ஆனால் எந்த வலுவான அழுத்தம் உயிரைக் காக்கிறதோ, அதுவே சிலருக்குக் காலை மூச்சுத்திணறலையும் உண்டாக்குகிறது என்பதே இந்தக் கதையின் சிக்கல்.

அது எவ்வாறென்று பார்ப்போம். காலை ஏழு மணிக்கு ஹட்டன் வந்து சேரும் பஸ்ஸில் உள்ளே இருப்பவர்கள் இறங்குவதற்கு முன்பே வெளியே நிற்பவர்கள் ஏறத் தொடங்கினால் என்ன ஆகுமென்பது இங்குள்ள எல்லோருக்கும் அனுபவம். நெஞ்சிலும் அப்படித்தான். சுருங்கிய குழாய்களையுடைய நுரையீரலிற் காற்று உள்ளே போவது சுலபம். வெளியே வருவதற்கோ நெடுநேரம் வேண்டும். வைத்தியர் நிமிஷத்திற்கு இத்தனை மூச்சென்று மெசினிற் கணக்கிட்டு வைத்திருக்க, முந்திய காற்று முழுவதும் வெளியேறுமுன் அடுத்த காற்று தள்ளப்படுமாயின், ஒவ்வொரு மூச்சிலும் சிறிது சிறிதாக உள்ளே தேங்கி, விடியும்போது நெஞ்சுக்கூடு விரிந்து, மூச்சின் பிரதான தசையாகிய உதரவிதானம் தன் வளைவை இழந்து தட்டையாகிவிடுகிறது. தட்டையான தசையால் இழுக்க முடிவது கொஞ்சமே. முகமூடி இருக்கும்வரை அக்குறை தெரிவதில்லை, ஏனெனில் இழுக்கும் வேலையை மெசின் செய்துவிடுகிறது. மூச்சு விடும்போது அது கொடுக்கும் சிறிய அழுத்தமும் தளர்ந்த குழாய்கள் ஒட்டிக்கொள்ளாதபடி தாங்கிப் பிடிக்கிறது. முகமூடி நீங்கிய கணத்தில் இந்த இரண்டு தாங்கல்களும் ஒருங்கே போய்விட, விரிந்து இறுகிய நெஞ்சோடு, தட்டையான தசையோடு, குறுகிய குழாய்களோடு நோயாளி தனித்து விடப்படுகிறார்.

இன்னொரு காரணம் இதைவிட நுட்பமானது. நித்திரையிலிருப்பவர் தாமாக ஒரு மூச்சை இழுக்க முயலும்போது, அம்முயற்சியை மெசின் உணர்ந்து உடனே காற்றைத் தர வேண்டும். காற்றுத் தேங்கிய நெஞ்சில் அந்த முயற்சி வலுவிழந்து போவதால் மெசினுக்கு அது எட்டுவதே இல்லை. உடல் இழுக்கிறது, மெசின் பேசாமலிருக்கிறது; உடல் விடப் பார்க்கிறது, மெசின் தள்ளுகிறது. இரவெல்லாம் ஓய்வெடுக்க வேண்டிய தசைகள் இவ்வாறு வீணான போராட்டத்திற் களைத்துவிடுகின்றன. முகமூடி சரியாகப் பொருந்தாமற் காற்று ஒழுகினாலும் இதே கலகம் நேரும். பற்களை இழந்து கன்னம் ஒட்டிப்போன முதியவர்களுக்கு வாயோரத்தில் ஒழுகுவது மிகச் சாதாரணம். ஒழுகும் காற்றை ஈடுசெய்ய முயலும் மெசின், ஆள் இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறாரென்று கருதி, காற்றைத் தள்ளும் நேரத்தை நீட்டிவிடுகிறது. ஜெனீவா நகர வைத்தியர்கள், காலையில் மூச்சு வாங்கிய ஒரு சிலரை இரவு முழுவதும் கருவிகள் பொருத்திக் கவனித்து, மெசினும் மனிதரும் ஒத்துப்போகும்படி அளவுகளைத் திருத்தியபோது அக்காலைத் துன்பம் குறைந்ததென்று 2012இல் எழுதினார்கள். சிலரை மட்டுமே வைத்துச் செய்த ஆய்வாகையால் அதைப் பெரிய பிரமாணமாகக் கொள்ள நான் விரும்பவில்லை. ஆனால் திருத்த முடியும் என்பதற்கு அது சாட்சி.

இனி நம்மூர் விடியற்காலைக்கு வருவோம். ஐரோப்பிய நூல்களில் எழுதப்படாத சில விஷயங்கள் இங்கே உண்டு. சுவாசக் குழாய்கள் இயற்கையாகவே மிகவும் குறுகியிருக்கும் வேளை அதிகாலை நான்கு மணி சுமார்; அதே வேளையில்தான், ஆறு மணிப் பிரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போக வேண்டிய வீட்டுப் பெண்கள் எழுந்து அடுப்பை மூட்டுகிறார்கள். ரொட்டி சுட வேண்டும், தேத்தண்ணி கொதிக்க வேண்டும், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும். ஆகவே அது யாருடைய குற்றமுமன்று. ஆயினும் இரவு முழுவதும் மெசினின் வடிகட்டி வழியே வந்த காற்றைச் சுவாசித்தவர், முகமூடியைக் கழற்றியவுடன் இழுக்கும் முதல் சொந்த மூச்சு, பக்கத்து அறையிலிருந்து வரும் ஈர மிலாற்றுப் புகையாக இருக்கிறது. குளிரும் சும்மா இருப்பதில்லை. மெசினோடு வரும் தண்ணீர்ப் பாத்திரம் காற்றை ஈரமாக்கி அனுப்ப, தை மாதத்துக் குளிரில் அந்த ஈரம் குழாயிலேயே நீராகி, உறங்குபவரின் முகத்திற் சொட்டுகிறது. அதற்குப் பயந்து பாத்திரத்தை எடுத்துவிடுகிறார்கள். வறண்ட காற்றினாற் சளி இறுகி ஒட்டிக்கொள்கிறது. காலையில் அது வெளிவராமல் அடைக்கிறது. பாத்திரத்தை எடுக்க வேண்டியதில்லை. குழாயைக் கம்பளித் துணியாற் சுற்றியோ போர்வைக்குள் விட்டோ வைத்து, மெசினைத் தலையணை மட்டத்திற்குக் கீழே இருத்தினால், சொட்டுதல் பெரும்பாலும் நின்றுவிடும்.

ஒருமுறை, கிளினிக்கில் தம் கணவரின் கொப்பியை என்முன் வைத்த ஓர் அம்மாள் சொன்ன வார்த்தைகளை அப்படியே ஒப்புவிக்கிறேன்: “ஐயா, இப்ப பாத்தா நல்லாத்தான் இருக்காரு. நீங்க விடியக்காலையில வந்து பாக்கணும். மாஸ்க்க கழட்டுனா போதும், மூச்சு வாங்கும் பாருங்க, ரெண்டு வார்த்த சேந்தாப்புல வராது. தேத்தண்ணி கிளாச கூட அவரால புடிக்க முடியாது.” கொப்பியிலோ மாதந்தோறும் நிலை திருப்திகரம் என்றே எழுதப்பட்டிருந்தது. அது பொய்யுமன்று. ஐந்து மணிக்குத் திணறியவர், ஆறரைக்குத் தெளிந்து, ஏழு மணி பஸ்ஸில் ஏறி, பத்து மணிக்கு வைத்தியருக்கு எதிரே உட்காரும்போது, அவருடைய நெஞ்சிலே தேங்கிய காற்று முக்கால்வாசி வெளியேறியிருக்கும். விரலிற் பொருத்தும் கருவி நல்ல எண்ணையே காட்டும். மெசினிலுள்ள சிறிய அட்டை எத்தனை மணி நேரம் பாவித்தார், எவ்வளவு காற்று ஒழுகியது என்பதையெல்லாம் பதிவு செய்து வைத்திருக்கும். மெசினை நிறுத்திய பின் நடந்ததை அது எங்ஙனம் அறியும்? அந்தப் பொழுதுக்குச் சாட்சி அந்த அம்மாள் ஒருவரே.

நான் அவருடைய மகனிடம், அப்பா உறங்கும்போது போர்வையை வயிற்றுக்குக் கீழே இறக்கிவிட்டு, கைத்தொலைபேசியில் சிறிது நேரம் படம் பிடித்து வருமாறு கேட்டுக்கொண்டேன். அடுத்த முறை அவர் கொண்டுவந்த படத்தில் விஷயம் வெட்டவெளிச்சமாக இருந்தது. மெசின் ஒருமுறை ஊதும் சப்தம் கேட்பதற்குள் வயிறு இரண்டு முறை, சிலசமயம் மூன்று முறை எக்கியது. அந்த எக்கல்களுக்கெல்லாம் காற்றே கிடைக்கவில்லை. மெசினிற் குறித்திருந்த மூச்சு எண்ணிக்கையைக் குறைத்து, ஒவ்வொரு தடவையும் ஊதும் நேரத்தைச் சுருக்கி, வெளியே விடுவதற்கு அதிக அவகாசம் கொடுத்து, விடும்போதுள்ள அழுத்தத்தைச் சற்றே ஏற்றி, வாயோரம் ஒழுகாத வேறு முகமூடியும் மாற்றியபின், காலைத் திணறல் முற்றாக நின்றுவிட்டதென்று சொல்ல மாட்டேன். தேத்தண்ணிக் கிளாசைப் பிடித்துக் குடிக்கும் அளவுக்குத் தணிந்தது.

இந்தத் திருத்தங்களை வீட்டிற் செய்யலாகாது என்பதையும் உடனே சொல்லிவிடுகிறேன். ஏனெனில் காலை மூச்சுத்திணறலுக்கு நேர்மாறான காரணமும் ஒன்றுண்டு. அழுத்தம் போதாமையினாலேயே இரவில் காபனீரொட்சைட்டு ஏறி, காலையிற் கஷ்டப்படுபவர்கள் இருக்கிறார்கள். ஒருவருக்கு அழுத்தத்தைக் குறைக்க வேண்டும், மற்றொருவருக்குக் கூட்ட வேண்டும். வெளியே பார்ப்பவருக்கு இருவரும் ஒரே மாதிரிதான் திணறுவார்கள். காலையில் மண்டைக் கனமும், பகலில் அடங்காத தூக்கமும் சேர்ந்திருந்தால் போதாமையைச் சந்தேகிக்கலாம். தெளிந்த மனத்தோடு எழுந்தவர் முகமூடி நீங்கியபின் மட்டுமே திணறினால் தேக்கத்தைச் சந்தேகிக்கலாம். நிச்சயம் செய்ய இரத்தத்தின் வாயுப் பரிசோதனை வேண்டும்.

மெசினுக்குப் பழகிவிட்டால் பிறகு அதை விட முடியாது, நெஞ்சு சோம்பேறியாகிவிடும் என்றொரு நம்பிக்கை தோட்டந்தோறும் பரவியிருக்கிறது. காலைத் திணறலைக் கண்ணாற் கண்டவர்களுக்கு அந்நம்பிக்கை உறுதிப்படுவதும் வியப்பன்று: கழற்றினால் திணறுகிறார், போட்டால் அடங்குகிறது, ஆகவே அடிமையாகிவிட்டார் என்று அவர்கள் முடிவு செய்கிறார்கள். நெஞ்சு இழக்கும் வலுவுக்குக் காரணம் நோயேயன்றி மெசினன்று. இரவில் இளைப்பாறிய தசையும், காபனீரொட்சைட்டு குறைந்ததனால் மீண்டும் கூர்மையடைந்த மூச்சு உணர்வும், பகலில் மெசின் இல்லாமலே நோயாளி நடமாட உதவுகின்றன. இரவிற் பாவிப்பவரின் பகல்நேர இரத்தப் பரிசோதனையிலும் அந்த வாயு இறங்கியிருப்பதே இதற்கு அத்தாட்சி. அதை நம்பாமல் மெசினை அலமாரிக்கு மேல் ஏற்றியவர்கள் சிலருக்கு, முதல் சில காலைப்பொழுதுகள் இதமாகவே இருந்திருக்கும். அந்த இதத்தைக் கண்டு ஏமாறுவதுதான் ஆபத்து. வாயு திரும்ப ஏறுவது சப்தமின்றி நடைபெறுகிறது.

வீட்டார் செய்யத்தக்கவை சில உள்ளன. விழித்தவுடன் முகமூடியைப் பிடுங்கி எறியாமல், அது முகத்தில் இருக்கும்போதே எழுந்து உட்கார்ந்து, முதுகுக்குத் தலையணை கொடுத்துச் சிறிது நேரம் இருக்கலாம். பம்ப் என்று நாம் சொல்லும் உள்ளிழுக்கும் மருந்தை, வைத்தியர் சொன்ன அளவில், நீண்ட குப்பி வழியாகக் கழற்றியவுடனேயே எடுத்துக்கொள்ளலாம். மேசையில் அது எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், மருந்தைத் தேடிக் காம்பராவெல்லாம் நடப்பதே சிலரைத் திணற வைக்கிறது. பிறகு முன்பக்கம் சாய்ந்து முழங்கையைத் தொடையில் ஊன்றி, உதட்டைக் குவித்து மெல்ல மெல்லக் காற்றை விட வேண்டும். இழுப்பதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை, விடுவதே முக்கியம். மூச்சு அடங்காவிட்டால் முகமூடியை மறுபடி சிறிது நேரம் அணிந்து, மீண்டும் கழற்றலாம். இரண்டு மூன்று தவணையாகக் கழற்றுவதில் யாதொரு பிழையுமில்லை. அடுப்பு மூட்டிய பின்புதான் மெசினை நிறுத்த வேண்டுமென்ற நியதியும் கிடையாது. ஒரு நாளைக்கு முன்னே பின்னே மாற்றிப் பார்த்து, எது நல்லதென்று கண்டுகொள்ளுங்கள். காஸ் அடுப்பு உள்ள வீட்டில் காலைத் தேத்தண்ணியையாவது அதிலே வைக்கலாம்.

ஒரு மணி நேரமாகியும் திணறல் அடங்காவிட்டால், அது நான் இதுவரை பேசிய அவஸ்தையன்று. உதடு நீலமாவது, பேச்சுக் குழறுவது, எழுப்பியும் கண் திறக்காமலிருப்பது, காய்ச்சலோடு சளியின் நிறம் மாறுவது, நெஞ்சின் ஒரு பக்கத்தில் திடீரென்று குத்தும் நோவு எழுவது ஆகியவற்றில் எது கண்டாலும் 1990 இலக்கத்தை அழைத்து அம்புலன்ஸ் வரவழைக்க வேண்டும். ஒருபக்க நோவைப் பிரத்தியேகமாகச் சொல்வதற்குக் காரணம், நலிந்த நுரையீரல் அழுத்தத்தாற் கிழிந்து, காற்று வெளியே கசிவது அபூர்வமாயினும் நேரக்கூடியது என்பதே. ஸ்டோர் லொறியில் போகலாம், விடிந்தபின் பார்க்கலாம் என்று காத்திருக்கக் கூடாது. பாதைகளின் நிலையை அறிந்தே சொல்கிறேன். மேட்டு லயங்களில் இருப்பவர்கள், அம்புலன்ஸ் எதுவரை ஏறும், அவ்விடம்வரை யார் யார் தூக்கி வருவது என்பதை நோயற்ற நாளிலேயே பேசி வைத்துக்கொள்வது உத்தமம்.

மின்சாரத்தைப் பற்றிப் பேசாமல் முடிக்க இயலாது. இந்நாட்டு நீர்மின்சாரத்திற்கு 1918இலேயே திட்டம் வகுத்த பொறியியலாளர் விமலசுரேந்திர கனவு கண்ட லக்சபான மின்நிலையம் இதோ இந்த மலைகளுக்கு அப்பால் இருக்கிறது. 1950 முதல் அங்கிருந்து மின்சாரம் புறப்பட்டுச் செல்கிறது. காசல்ரீயும் மவுசாக்கலையும் அதற்காகவே தேக்கப்பட்டவை. அந்த நீர்த்தேக்கங்களைச் சுற்றியுள்ள லயங்களில்தான், 2022 மார்ச் இறுதியில் நாடெங்கும் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம்வரை விளக்கணைந்த காலத்தில், முகமூடி அணிந்தவர்கள் இருட்டில் எழுந்து உட்கார்ந்திருந்தார்கள். அக்காலம் கடந்துவிட்டாலும், மழைக்காலத்தில் மரம் விழுந்து கம்பி அறுவது இன்றும் உண்டு. மெசினுக்கேற்ற பற்றரி வாங்க வசதியுள்ளவர்கள் வாங்கி வைக்கலாம். வசதியில்லாதவர்கள் மின்சாரம் நின்றவுடன் முகமூடியைக் கழற்றிவிட வேண்டும், ஏனெனில் ஓடாத மெசினின் முகமூடிக்குள் விட்ட மூச்சையே திரும்ப இழுக்க நேரிடும். தலைமாட்டை உயர்த்தி, சாய்ந்தபடியே விடியும்வரை இருக்கச் செய்யுங்கள். வீட்டில் ஒட்சிசன் சிலிண்டர் இருந்தால், பயத்தினால் அதன் அளவை ஏற்றிவிடாதீர்கள். வைத்தியர் குறித்த அளவே அந்த இரவுக்கும் அளவு. மின்சாரம் திரும்பியபின், பகலாயினும் சரி, இரண்டு மூன்று மணி நேரம் மெசினை அணிந்து, இழந்த நேரத்தை ஈடுசெய்துகொள்ளலாம்.

மெசின் வைத்திருக்கும் வீட்டார் இச்சபையில் யாரேனும் இருந்தால், கூட்டம் கலைந்தபின் முன்வரிசைக்கு வாருங்கள். கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் நான்கு கோடுகள் போட்டுத் தருகிறேன்: கழற்றிய நேரம், மூச்சு அடங்கிய நேரம், மண்டை கனம் உண்டா இல்லையா, அடுப்பு எரிந்ததா இல்லையா. இரண்டு வாரம் எழுதி, அடுத்த கிளினிக்குக்குக் கொப்பியையும் மெசினையும் முகமூடியையும் சேர்த்தே எடுத்துச் செல்லுங்கள். எழுதத் தெரியாதவர்கள் பள்ளிக்கூடம் போகும் பேரப்பிள்ளையிடம் சொல்லி எழுதுவிக்கலாம்; காலை ஐந்து மணிக்கு அவர்களும் எப்படியும் எழுந்திருப்பவர்களே.